எதுக்கும் ஒரு தடவை

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளை எல்லோருக்கும் தெரியும். இழுத்துப் பார்த்தும் மனம் ஆறாமல், சாவி போட்டுத் திறந்து, மறுபடி பூட்டி, "இப்ப சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு போகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? கடற்கரையில் எல்லோரும் 'எதுக்கும்' என்று கூப்பிடுகிற மனிதர் அந்த ரகம். வாயைத் திறந்தால் அவருக்கு முதலில் வருகிற வார்த்தை அதுதான். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுறேன்." பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு காரணம் இருக்கும், சின்ன வயதில் ஏதோ விபத்து, ஏதோ அதிர்ச்சி என்று துருவுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்குத் தூக்கத்தில் பேச்சு, இவருக்கு இருப்புக்கொள்ளாமை. உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டீ ஆறுவதற்குள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் போய்வந்துவிடுவார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். "உங்களுக்குன்னு ஒரு மாத்திரை கண்டுபிடிச்சா, முதல் அட்டைய நானே வாங்கிடுவேன்" என்பாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். விரல் பட்டதும் குழந்தை விழித்துக்கொண்டு வீறிடும். அந்த அழுகையைக் கேட்டதும் இவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும் பாருங்கள், மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். காஸ் அடுப்பும் அப்படித்தான். குமிழ் மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் போதாது. திறந்து, புஸ்ஸென்ற சத்தத்தைக் காதால் கேட்டு, மறுபடி மூடினால்தான் அவர் கணக்கில் அது மூடிய அடுப்பு.

"மூடினத திறந்து பாத்துட்டு மூடுறீங்களே, நடுவுல யாராவது கூப்பிட்டா என்ன ஆகும்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"யாரு கூப்பிடப் போறா?" என்றார் எதுக்கும்.

முதலில் அவர் பஸ் டிப்போவில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இதே கூத்து. காற்று அடித்த டயரில் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்ப்பார். கேஜ் வைக்கும்போது கொஞ்சம் காற்று போகும். போனதை அடிப்பார். அடித்ததை மறுபடி அளப்பார். பஸ் கேட்டைத் தாண்டும் நேரத்தில் ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்துவார். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்க கைபட்ட டயர் ஒண்ணுகூட வெடிக்கல. அது உண்மை. உங்க கைபட்ட பஸ் ஒண்ணுகூட நேரத்துக்குப் போகல. அதுவும் உண்மை" என்று சொல்லி, மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அப்போது கைகொடுத்தது மனைவியின் அண்ணன். கடற்கரையில் கைட் பள்ளி நடத்துகிறவர். காலடியில் பலகை, இடுப்பில் பட்டை, தலைக்கு மேலே ஒரு அறை அகலத்துக்குப் பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு பாய்கிற விளையாட்டு. "இங்கயும் காத்து அடிக்கிற வேலைதான் மாப்ள. டயருக்குப் பதிலா பட்டம்" என்று மச்சான் சொன்னார். ஒரு பக்கம் ஒட்டுப்போடும் மேஜை, ஒரு பக்கம் ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, கூரை முழுக்கக் காய்கிற பட்டங்கள் என்று இருந்த பின்கட்டு அறை 'எதுக்கும்' வசமானது. அன்றிலிருந்து அந்தப் பள்ளிப் பட்டங்களின் உடம்புக்கு அவர்தான் பொறுப்பு.

அந்தப் பட்டத்துக்குக் குச்சி கிடையாது. குச்சி இருக்க வேண்டிய இடத்தில் காற்று. முன்விளிம்பு நெடுக ஒரு தடித்த குழாய், அதிலிருந்து பின்னோக்கி விலா எலும்பு மாதிரி ஐந்து மெல்லிய குழாய்கள். இவற்றில் காற்றை அடைத்தால் பட்டம் விறைத்து நிற்கும். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். கரைக்கு ரொம்பத் தள்ளி ஏதாவது கோளாறு என்றால், ஆள் ஏறிப் படுத்துக்கொள்ள அதைவிட்டால் வேறு தெப்பம் இல்லை.

பழைய பட்டங்களில் குழாய்க்குக் குழாய் தனி வால்வு. ஒன்றில் பம்பைச் செருகி, அடித்து, மூடி, நகர்ந்து, அடுத்ததில் குனிந்து மறுபடி செருகி, இப்படியே ஒரு பட்டத்தைத் தயார் செய்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் வானத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். எதுக்கும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றதற்குச் சேதி போகாது. அது போதும் அவருக்கு.

அப்படி இருக்கையில்தான் மச்சான் புதுப் பட்டங்களை இறக்கினார். முன்குழாயின் ஒரே வாயில் அடித்தால் போதும். அங்கிருந்து சின்னச் சின்ன இணைப்புக் குழாய் வழியாகக் காற்று தானே ஓடி விலாக்களை நிரப்பிவிடும்.

"இனிமே உங்க இடுப்புக்கு விடுதலை மாப்ள" என்றார் மச்சான்.

எதுக்கும் பட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கே. முன்குழாய் கிழிஞ்சா?"

"அதுக்குத்தான் கிளிப் வச்சிருக்கான்." இணைப்புக் குழாய் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருந்தது. காற்று அடித்த பிறகு அதை அழுத்தி மூடினால் குழாய் நசுங்கி அடைபடும். விலாக் காற்று விலாவிலேயே நிற்கும்.

"மூடலன்னா?"

"மூடலன்னாலும் நல்லாத்தான் பறக்கும்."

"அதான் மச்சான் எனக்குப் பயமே" என்றார் எதுக்கும்.

அவர் பயந்தது வீண் இல்லை. குனிகிற வேலையை மிச்சம் பிடிக்கத்தான் புதுப் பட்டம் வந்தது. கிளிப்பை மூட வேண்டுமானால் ஐந்து இடத்தில் பழையபடி குனிய வேண்டும். எவன் குனிவான்? மூடாமலே பட்டம் ஜம்மென்று பறக்கும்போது எவனுக்கு நினைப்பு வரும்? கொஞ்ச நாளில் கடற்கரையில் கிளிப் மூடுகிறவர்கள் இரண்டே பேர் என்று ஆகிவிட்டது. ஒருவர் எதுக்கும். இன்னொருத்தி அவருடைய மகள்.

மகள் அந்தப் பள்ளியிலேயே பயிற்சி கொடுக்கிறவள். அப்பாவுக்கு நேர் எதிர். ஒரு வேலையை ஒரே தடவை செய்வாள், ஒழுங்காகச் செய்வாள், அப்புறம் அதை மறந்துவிடுவாள். டக், டக் என்று ஐந்து கிளிப்பையும் மூடிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். அவர் மூளையில் அது ஏறவே இல்லை. திரும்பிப் பார்க்காதவள் எப்படிக் கவனமானவளாக இருக்க முடியும்? அவள் நகர்ந்ததும் போய்க் கிளிப்பைத் திறந்து மூடி வைப்பார். ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"நான் மூடினத நீங்க திறந்து மூடினா, அப்புறம் நான் எதுக்குப்பா?" என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. "ஊர்ல யாரு கைட்ட வேணா பாருங்க. என் கைட்ட மட்டும் தொடாதீங்க."

"சரிம்மா. தொடல" என்றார். சொல்லும்போது அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடற்கரைக்கு எதிரே, கொஞ்சம் தூரத்தில், மணல்திட்டு ஒன்று உண்டு. பட்டம் ஓட்டி நன்றாகப் பழகியவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் திரும்புவது பள்ளியின் பெரிய பயணம். இதுவரை மச்சானே கூட்டிக்கொண்டு போவார். இந்தத் தடவை, "நீயே கூட்டிட்டுப் போ" என்று தங்கை மகளிடம் விட்டுவிட்டார். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் முந்தின நாள் வீட்டில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். எதுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னல் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. மகள் பட்டத்துக்குக் காற்று அடித்தாள். கிளிப்புகளை மூடினாள். பலகையை எடுத்துவரப் பள்ளிக் கொட்டகைக்குப் போனாள். பட்டம் விலாக்களை மேலே காட்டிக்கொண்டு மணலில் கிடந்தது. எதுக்கும் அதைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டிப் போனார். இன்றைக்குப் போய் விட்டுவிட முடியுமா? நடு விலா மட்டும். எதுக்கும் ஒரு தடவை. குனிந்து கிளிப்பைத் திறந்தார்.

"மாப்ள! பம்பு எங்க? இங்க ஒருத்தருக்கு வால்வு பிடுங்கிக்கிச்சு, ஓடி வாங்க!" என்று மச்சான் கத்தினார். எதுக்கும் ஓடினார்.

மகள் வந்தாள், பட்டத்தைப் புரட்டிப் போட்டாள், கயிறுகளை மாட்டினாள், போய்விட்டாள். அவள் பின்னால் மற்றப் பட்டங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எதையோ விட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவருக்கு அது எந்நாளும் தோன்றுவதுதான். எந்நேரமும் அழைப்பு மணி அடித்துக்கொண்டிருக்கிற வீட்டில், நிஜமாகவே யாராவது வந்து நின்றால் எப்படித் தெரியும்?

பைனாகுலரை எடுத்துக்கொண்டு மணலில் நின்றார். போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வருகையில் காற்று ஒரு கணம் செத்து, அப்புறம் வெறிபிடித்தாற்போல் அடித்தது. மகளின் பட்டம் தலைகுப்புற வந்து தண்ணீரில் அறைந்தது. எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், எழவில்லை. முன்குழாய் கிழிந்துவிட்டது என்று புரிந்தது. விலாக்கள் தாங்கும், கிளிப் மூடித்தானே இருக்கிறது என்று நினைத்த அதே நிமிஷம், பட்டம் நடுவில் மடிந்து புத்தகம் மாதிரி மூடிக்கொள்வதைப் பார்த்தார். அவர் விரல்களுக்கு அந்தக் கிளிப் ஞாபகம் வந்தது. திறந்தது ஞாபகம் இருந்தது. மூடியது ஞாபகம் இல்லை.

மச்சான் படகைத் தள்ளினார். எதுக்கும் ஏறப் பார்த்தார். "நீங்க வேணாம். பெட்ரோல் மூடிய திறந்து பாத்துட்டு நிப்பீங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் கிளம்பிவிட்டார். எதுக்கும் முழங்கால் தண்ணீரில் நின்றார். பைனாகுலரைக் கண்ணில் வைக்க மனம் வரவில்லை. வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மடிந்த பட்டத்தின் ஒரு பாதியில் மகள் கவிழ்ந்து படுத்திருந்தாள். பக்கத்து விலாக்கள் மட்டும் அவளை மேலே வைத்திருந்தன. ஒவ்வொரு அலைக்கும் அவள் மறைந்தாள். மறைந்த ஒவ்வொரு தடவையும் இவர் வாய்விட்டு அவள் பெயரைச் சொன்னார்.

மச்சான் படகில் கொண்டுவந்த மகள் உதடு வெளுத்துப்போய்க் கரை இறங்கினாள். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். கொட்டகையில் பட்டத்தை விரித்தபோது, நான்கு விலாக்கள் கல் மாதிரி இருந்தன. நடு விலா துவண்டு கிடந்தது. அதன் கிளிப் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"நடு கிளிப்ப மூடலையே நீ" என்றார் மச்சான்.

"மூடினேன் மாமா."

"மூடினா எப்படிம்மா திறந்திருக்கும்?"

"மூடினேன்னுதான்..." என்று இழுத்தாள். தன் கையைப் பார்த்தாள். "மூடினேன்னுதான் நெனச்சேன்."

எதுக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வாய்க்குள் வார்த்தை வந்து நின்றது. தொடாதீங்க என்றவளிடம் சரி என்று சொல்லிவிட்டுத் தொட்டவர். சொன்னால் மகள் இனி முகத்தில் விழிக்கமாட்டாள், கரைப்பக்கமே வராதீங்க என்பாள். அவள் கடலில் இருக்கும்போது இவர் எங்கே போய் நிற்பது? பயந்துவிட்டார். பயத்துக்குப் பெயர் பல வைக்கலாம், அது பயம்தான். பிள்ளை பத்திரமாக வந்துவிட்டாள், போதும் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் ஒரே தடவையில் மூடியது அதைத்தான்.

அதற்குப் பிறகு மகள் மாறினாள். முதலில் யாருக்கும் தெரியவில்லை. கிளிப்பை மூடிவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் இடுப்புப் பட்டையோடு வெயிலில் காய, அவள் மறுபடியும் மறுபடியும் குனிந்துகொண்டிருந்தாள். "அடுத்த திட்டுப் பயணத்துக்கு நீங்களே போங்க மாமா" என்றாள். சாப்பிடும்போது அவள் கால் மேஜைக்கடியில் ஆடியது. மனைவி அதைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எதுக்கும் இத்தனை வருஷமும் ஆசைப்பட்டது இதற்குத்தான். மகள் கவனமாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். கிடைத்துவிட்டது. கிடைத்ததைப் பார்க்க அவருக்குக் குலை நடுங்கியது. இந்த வியாதியை உள்ளே இருந்து தெரிந்தவர் அவர். இதில் மூடியது என்று எதுவும் கிடையாது, முடிந்தது என்று எதுவும் கிடையாது. தனக்கு வந்தது வந்துவிட்டது. அவளுக்கு அதைக் கொடுத்தது யார்?

கிழிந்த முன்குழாய்க்கு அவர் ஒட்டுப் போட்டு முடித்த மத்தியானம், மகள் பின்கட்டு அறைக்கு வந்தாள். முன்குழாய்க்குள்ளிருந்து கழற்றிய நீளமான காற்று ட்யூபைத் தொட்டிக்குள் அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. திருப்பிப் போட்டு அழுத்தினாள். வரவில்லை. துடைத்து மடித்து வைத்தாள். வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து ட்யூபைப் பிரித்துத் தொட்டியில் போட்டாள்.

"எதுக்கும் ஒரு தடவை பாத்துடுறேன்பா" என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது, அவரைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கையில் இருந்த பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"நடு கிளிப்ப நீ மூடினம்மா" என்றார். "நல்லா மூடியிருந்த. நான்தான் திறந்தேன். மூடியிருக்கான்னு பாக்கத் திறந்தேன். மாமா கூப்பிட்டாரு. ஓடிட்டேன். மறந்துட்டேன்."

மகள் தொட்டிக்குள் கையை வைத்தபடியே இருந்தாள். தண்ணீர் அசைவதுகூட நின்றுவிட்டது.

"அப்ப நான் மூடினேன்ல?" என்றாள்.

"மூடினடா."

"நான் மூடினேன்." அதைச் சொல்லும்போது அவள் தோள் இரண்டும் இறங்கின. எத்தனை நாளாக அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தாளோ. அதன்பிறகுதான் கோபம் வந்தது. வந்த வேகத்தில் தொட்டித் தண்ணீர் அவர்மேல் சிதறியது. "இத்தன நாளு பாத்துட்டுதானப்பா இருந்தீங்க? நான் பைத்தியம் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு எழுந்திருக்கறத பாத்துட்டே இருந்தீங்க! கடல்ல விழுந்தது எனக்குப் பெருசில்ல. என் கையவே நான் நம்பாம போயிட்டேனே!"

அவர் ஈரச் சட்டையோடு நின்று அழுதார். அவளும் அழுதாள். ஆறுதல் சொல்லிக்கொள்கிற அழுகை இல்லை அது. அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். வீட்டில் அவரோடு பேசவில்லை. மச்சானிடம் அவரே போய்ச் சொன்னார். மச்சான் வாங்கு வாங்கென்று வாங்கினார். மனைவி மட்டும் திட்டவில்லை. "நடுவுல யாரோ கூப்பிட்டாங்க போல" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

அடுத்த மணல்திட்டுப் பயணத்துக்கு மகளே கிளம்பினாள். எதுக்கும் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார், தண்ணீர்ப்பக்கம் வரவில்லை. காற்று அடித்து முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். பேச்சு நின்றபின் முதன்முதலாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அங்க என்ன பண்றீங்க? வாங்க."

வந்தார்.

"பாக்கலாம். தொடக்கூடாது. கைய பின்னாடி கட்டிக்கோங்க."

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் குனிந்து முதல் கிளிப்பை மூடினாள். டக். அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். இரண்டாவது. டக். நடுக் கிளிப்புக்கு வந்தபோது அவருடைய ஒரு கை இழுத்தது, இன்னொரு கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டக். ஐந்தும் முடிந்தது. அவள் பட்டத்தைப் புரட்டிப் போட்டாள். இனி யாரும் எதையும் பார்க்க முடியாது.

அவர் வாய் திறந்தது.

"சொல்லுங்க" என்றாள் மகள். 'எதுக்கும்' என்ற அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள்.

எதுக்கும் கையைப் பின்னாலேயே இறுக்கிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. போயிட்டு வா" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பட்டம் எழும்பியது, சின்னதாகியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பிடித்த கையை விடவில்லை.